உங்களுக்குத் தெரியுமா? – கணக்கு நோட்டில் சிக்கிய அல் கபோன்

அமெரிக்கா முழுவதும் மதுவிலக்கு அமலுக்கு வந்தது 1920 ஜனவரி 17-ல். அன்றைக்குத்தான் அல் கபோனுக்கு 21 வயது நிறைந்தது. புரூக்ளினில் முடிதிருத்தும் தொழில் செய்த இத்தாலியரின் மகன். ஆசிரியையை அடித்துவிட்டு 14 வயதில் பள்ளியை விட்டவன். 1925-ல் அவனுடைய குரு ஜானி டோரியோ துப்பாக்கிச் சூட்டில் உயிர் பிழைத்து, 'போதுமடா சாமி' என்று ஒதுங்கிக்கொள்ள, சிகாகோவின் கள்ளச்சாராய ராஜ்ஜியம் 26 வயதில் கபோன் கைக்கு வந்தது.

இடது கன்னத்துத் தழும்புகள் போரில் வாங்கியவை என்று சொல்லிக்கொள்வான். அவன் ராணுவத்தில் சேர்ந்ததே இல்லை! மதுக்கூடத்தில் ஒரு பெண்ணிடம் தரக்குறைவாகப் பேசியதற்கு அவளுடைய அண்ணன் கத்தியால் கீறியவை அவை.

கபோனின் மூத்த அண்ணன் சிறுவயதிலேயே வீட்டைவிட்டு ஓடியவர். பெயரை ரிச்சர்ட் ஹார்ட் என்று மாற்றிக்கொண்டு நெப்ராஸ்காவில் மதுவிலக்கு அதிகாரியானார். தம்பி சாராயம் விற்க, அண்ணன் சாராய அடுப்புகளை உடைத்தார்.

1929 பிப்ரவரி 14, காதலர் தினம். சிகாகோவில் ஒரு கார் கொட்டகைக்குள் ஆட்கள் நுழைந்தார்கள், சிலர் போலீஸ் உடையில். ஏழு பேரைச் சுவரோரம் நிறுத்திச் சுட்டுத் தள்ளினார்கள். கபோன் அப்போது ஃபுளோரிடாவில் இருந்தான்; ஆனாலும் சந்தேகம் அவன்மேல்தான். அந்த ஏழு கொலைகளுக்காக இன்றுவரை ஒருவர்கூடத் தண்டிக்கப்படவில்லை. பொருளாதார மந்தக் காலத்தில் ஏழைகளுக்கு இலவசக் கஞ்சித்தொட்டி திறந்தான் என்று கபோனைப் புகழ்பவர்கள் இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

சரி, எப்படித்தான் மாட்டினான்? சட்டவிரோத வருமானத்துக்கும் வரி உண்டு என்று 1927-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் கபோன் பேரில் வங்கிக் கணக்கு இல்லை, சொத்து இல்லை. வருமான வரி அதிகாரி ஃபிராங்க் வில்சன் மாதக்கணக்கில் காகிதங்களைப் புரட்டினார். பழைய சோதனை ஒன்றில் கைப்பற்றிப் பீரோவில் போட்டு மறந்திருந்த சூதாட்ட விடுதிக் கணக்கு நோட்டுகள் அவர் கண்ணில் பட்டன. எழுதியது யார்? அந்தக் கையெழுத்தை வங்கிச் சலான்களோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, விடுதிக் காசாளரைப் பிடித்தார். அவரைச் சாட்சிக் கூண்டிலும் ஏற்றினார். சினிமாக்கள் துப்பாக்கி ஏந்திய மதுவிலக்கு அதிகாரி எலியட் நெஸ்ஸைத்தான் கொண்டாடுகின்றன. என் கணக்கில் உண்மையான நாயகன் வில்சன்தான்.

1931-ல் கபோனுக்கு 11 ஆண்டுச் சிறை. அல்காட்ராஸ் சிறையில் கைதிகளின் இசைக்குழுவில் பாஞ்சோ வாசித்தான். இளமையில் தொற்றிய சிஃபிலிஸ் நோய் மூளையைத் தின்றது. 1947-ல் 48 வயதில் இறந்தபோது அவனுடைய புத்தி சிறு பிள்ளையுடையதைப் போல ஆகியிருந்தது.

கபோனோடு தொழில் செய்துகொண்டே வரித்துறைக்குத் துப்புக் கொடுத்தவர் எட்வர்ட் ஓஹேர் என்ற வழக்கறிஞர். கபோன் விடுதலையாவதற்குச் சில நாள் முன்பு, 1939 நவம்பரில், காரில் போய்க்கொண்டிருந்தவரைச் சுட்டுக் கொன்றார்கள். அவருடைய மகன் புட்ச் கடற்படை விமானி. இரண்டாம் உலகப் போரில் நாட்டின் மிக உயர்ந்த வீரப் பதக்கம் பெற்று, 1943-ல் போரிலேயே உயிர்விட்டவர். சிகாகோ விமான நிலையத்தில் நீங்கள் இறங்கினால் பெயர்ப்பலகையைப் பாருங்கள். ஓஹேர் என்று இருப்பது அந்த மகனின் பெயர்தான்.