டன் பாறைக்குச் சில கிராம் பொன்

பெங்களூருக்குக் கிழக்கே சுமார் 100 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கோலார் தங்கவயலில், 1880-இல் தொடங்கி 2001 வரை ஏறத்தாழ 5 கோடி டன் தாதுப்பாறை வெட்டி எடுக்கப்பட்டது. அதிலிருந்து கிடைத்த தங்கம் சுமார் 800 டன். சராசரி பார்த்தால் ஒரு டன் பாறைக்குப் பதினைந்து, பதினாறு கிராம். ஆனால் தொடக்க காலத்தில் டன்னுக்கு 40 கிராம் வரை தந்த பாறை, சுரங்கம் மூடும் தறுவாயில் 3 கிராம் அளவுக்கு இறங்கிவிட்டது. சுரங்கவியலும் உலோகவியலும் வளர்ந்த கதை பெரும்பாலும் இந்த இறக்கத்தோடு மல்லுக்கட்டிய கதைதான். ஒரு தலைமுறை கழிவு என்று ஒதுக்கியதை, அடுத்த தலைமுறை கை தேர்ந்ததும் தாது என்று அள்ளிக்கொண்டது. தங்கவயலில் இது ஒரு முறையல்ல, பல முறை நடந்திருக்கிறது.

இந்தத் தங்கம் இருக்கும் கோலார் பாறைப்பட்டை வடக்குத் தெற்காக 80 கிலோமீட்டர் நீளம், சில கிலோமீட்டரே அகலம். சுமார் 270 கோடி ஆண்டுகளுக்கு முன் கொட்டி உறைந்த எரிமலைக் குழம்பு, அழுத்தத்தாலும் வெப்பத்தாலும் உருமாறிக் கருமையான கெட்டிப் பாறையானது. அதன் வெடிப்புகளில் ஆழத்திலிருந்து ஏறிவந்த சுடுநீர்க் கரைசல் ஆறியபோது, வெள்ளை நிறக் குவார்ட்ஸும் அதனூடே தங்கமும் படிந்தன. இப்படி உண்டான கொடிகளில் மிக வளமானது சாம்பியன் ரீஃப். பல இடங்களில் அதன் அகலம் ஒரு மீட்டர்கூட இராது. அதிலும் தங்கம் பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத துகள்தான்.

பழங்காலத்தவர் பயன்படுத்திக்கொண்டது தங்கத்தின் கனத்தை. ஒரே அளவு துண்டுகளை எடுத்தால் தங்கம் குவார்ட்ஸைப் போல ஏழு மடங்கு கனம். மரத்தட்டில் மண்ணைப் போட்டு நீரில் சுழற்றினால் மணல் வழிந்தோடிவிடும். பொன்துகள் அடியில் தங்கிவிடும். மண்ணை அரித்தது போதாமல் பாறைக்குள்ளும் அவர்கள் இறங்கினார்கள். பாறையின் முகத்தில் விறகை அடுக்கித் தீமூட்டி, சூடேறியதும் தண்ணீர் ஊற்றினால் அது விண்டு உதிரும். வெடிமருந்து இல்லாத காலத்தில் கல்லை உடைக்க இதைவிட நல்ல வழி கிடையாது. கர்நாடகத்தின் ராய்ச்சூர் மாவட்டத்தில் உள்ள ஹட்டியில் இம்முறையிலேயே சுமார் 190 மீட்டர் ஆழம்வரை போயிருக்கிறார்கள். அங்கு கிடைத்த மரத்துண்டுகள் ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு பழமையானவை. காற்றோட்ட விசிறியும் நீரிறைக்கும் எந்திரமும் இன்றி அந்த ஆழத்தை எட்டியதை உலகச் சுரங்க வரலாற்றின் அரிய சாதனைகளில் ஒன்றாகத்தான் கருத வேண்டும்.

திப்பு சுல்தான் வீழ்ந்த பின் மைசூர் எல்லையை அளக்க வந்த ஜான் வாரன் என்ற பிரிட்டிஷ் படை அதிகாரி, 1802-இல் தங்க மண்ணைக் காட்டுபவருக்குப் பரிசு என்று அறிவித்தார். ஊர்மக்கள் வண்டிகளில் மண்ணைக் கொண்டுவந்து அவர் கண்ணெதிரே அரித்துக் காட்டினார்கள். அதற்குப் பிறகு பெரிதாக எதுவும் நடக்கவில்லை. பல பத்தாண்டுகள் கழித்து, பெங்களூர் கண்டோன்மென்டில் ஓய்வுக்காலத்தைக் கழித்துவந்த மைக்கேல் லவெல் என்ற அயர்லாந்துக்காரர் வாரனின் குறிப்பைப் படித்து, மைசூர் அரசிடம் உரிமம் வாங்கிச் சுரங்கம் தோண்டத் தொடங்கினார். பெங்களூரின் லவெல் சாலை அவர் பெயரைத் தாங்கியது. முதலீடு போதாததால் அவர் உரிமத்தைக் கைமாற்றிவிட, 1880 முதல் லண்டனின் ஜான் டெய்லர் நிறுவனம் பொறுப்பேற்றது. அந்த நிறுவனத்துக்கும் முதல் சில ஆண்டுகளில் பணம் கரைந்ததுதான் மிச்சம். பழங்குழிகளின் அடிவரை இறங்கிப் பார்த்த பிறகே சாம்பியன் ரீஃப் அகப்பட்டது. எங்கே தோண்ட வேண்டும் என்பதை, பெயர் தெரியாத உள்ளூர்க்காரர்கள் நூற்றாண்டுகளுக்கு முன்பே நிலத்தில் எழுதி வைத்திருந்தார்கள்.

மேலே வந்த பாறையை முதலில் மாவாக்க வேண்டும். அதற்கு வரிசையாக நின்றவை இடிப்பு ஆலைகள். அரை டன் எடை கொண்ட இரும்பு உலக்கைகளை நீராவி எந்திரம் தூக்கித் தூக்கிப் போடும். இடிபட்ட மாவு தண்ணீரோடு கலந்து, பாதரசம் பூசிய செப்புத் தகடுகளின்மேல் வழியும். பாதரசம் தங்கத்தைப் பற்றிக்கொள்ளும், கல்மாவு போய்விடும். தகட்டில் வெண்ணெய் போலத் திரண்ட கலவையை வழித்தெடுத்துத் தோலில் கட்டிப் பிழிந்தால், மிகுதிப் பாதரசம் கசிந்து வெளியேறும். எஞ்சியதை மூடிய கலனில் காய்ச்சும்போது பாதரசம் ஆவியாகிக் குழாய் வழியே மீண்டும் குளிர்ந்து சேரும். கலனுக்குள் துளைதுளையாகத் தங்கம் நிற்கும்.

இதன் குறை, பாதரசம் தொட முடிந்த தங்கத்தை மட்டுமே பிடிக்கும் என்பது. மிக நுண்ணிய துகள்களும், இரும்பு, ஆர்சனிக், கந்தகக் கனிமங்களுக்குள் சிக்கிய துகள்களும் மணலோடு போய்விடும். ஆலைக்கு வெளியே குவிந்த மணலில் கணிசமான பொன் கிடப்பது எல்லோருக்கும் தெரியும். எடுக்கும் வழிதான் தெரியவில்லை. 1887-இல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் மெக்கார்தரும் ஃபாரஸ்ட் சகோதரர்களும் அந்த வழியைக் கண்டார்கள். நீர்த்த சயனைடு கரைசல், காற்றிலுள்ள ஆக்சிஜன் துணையோடு தங்கத்தைக் கரைத்துவிடும். கரைசலைத் துத்தநாகச் சீவலின் வழியே விட்டால், துத்தநாகம் கரைந்து தங்கம் கருநிறச் சேறாகப் படியும். அதை அமிலத்தில் கழுவி, போராக்ஸ் சேர்த்து உருக்கினால் கட்டி தயார். கரைசலில் சுண்ணாம்பு கலப்பது மிக முக்கியம். காரத்தன்மை குறைந்தால் சயனைடு நச்சு வாயுவாக வெளியேறி ஆளைக் கொன்றுவிடும். பத்தாண்டு கழியுமுன்பே இந்த முறை தங்கவயலுக்கு வந்தது. நேற்றுவரை மணல்மேடாக இருந்தது மறுபடி தாதுவானது.

ஆழம் கூடக் கூட, பாறையைத் தூக்கவும் நீரை இறைக்கவும் காற்றை அழுத்தவும் ஆற்றல் தேவைப்பட்டது. நிலக்கரியை நெடுந்தொலைவிலிருந்து வரவழைப்பது கட்டுப்படியாகவில்லை. காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் மின்சாரம் எடுக்கும் திட்டத்தைப் பொறியாளர் ஜோலி டி லோட்பினியர் வகுத்தார். திவான் சேஷாத்ரி ஐயர் துணிந்து ஆதரித்தார். 1902 ஜூனில், சுமார் 147 கிலோமீட்டர் நீளக் கம்பியில் மின்சாரம் தங்கவயலை அடைந்தது. அன்றைய உலகின் மிக நீண்ட மின்தடங்களில் அதுவும் ஒன்று. பெங்களூர்த் தெருக்களில் மின்விளக்கு எரிந்தது 1905-இல்தான். சேஷாத்ரி ஐயர் 1901-இலேயே காலமாகிவிட்டதால், தாம் போராடிக் கொண்டுவந்த திட்டத்தின் பலனைப் பார்க்கவில்லை.

சாம்பியன் ரீஃப் சுரங்கம் இறுதியில் 3.2 கிலோமீட்டர் ஆழம் போனது. அதன் இறங்குகுழிகளில் ஒன்றான கிஃபோர்ட் ஷாஃப்ட் நேர்க்குத்தாக ஏறத்தாழ 2 கிலோமீட்டர் இறங்கும். அதன் அடியில் வேறு தூக்கிக்கு மாறி மேலும் கீழே போக வேண்டும். அந்த ஆழத்தில் பாறையின் வெப்பம் 65 டிகிரி செல்சியஸைத் தாண்டும்; குளிரூட்டிய காற்றைச் செலுத்தாமல் ஆள் நிற்க முடியாது. அதைவிடக் கொடியது, தொழிலாளர்கள் 'ஏர் பிளாஸ்ட்' என்று அழைத்த பாறைச் சிதறல். மேலே இருக்கும் கிலோமீட்டர் கணக்கான பாறையின் சுமை, கீழே வெட்டிய வெற்றிடத்தின் ஓரங்களில் குவியும். தாங்க முடியாத நொடியில் பாறை குண்டுபோல் வெடித்துச் சிதறும். மேலே ஊரில் வீடுகள் அதிரும். வெட்டிய இடத்தைக் கருங்கல் சுவர்களாலும் பின்னாளில் கான்கிரீட்டாலும் நிரப்பித் தாங்கச் செய்தார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே நில அதிர்வுமானி பொருத்தினார்கள். இந்த அனுபவத்தின் தொடர்ச்சியாக, தேசியப் பாறை இயக்கவியல் நிறுவனம் 1988-இல் தங்கவயலிலேயே உருவானது. அதே ஆழம் அறிவியலுக்கும் உதவியது. 1965-இல் 2.3 கிலோமீட்டர் அடியில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனமும் ஜப்பானிய, பிரிட்டன் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து, காற்றுமண்டலத்தில் பிறக்கும் நியூட்ரினோக்களைப் பதிவு செய்தன.

அந்த ஆழத்தில் துளையிட்டவர்களில் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து வந்தவர்கள். அவர்களுள் மிகப் பலர் ஒடுக்கப்பட்ட சாதியினர். குவார்ட்ஸைத் துளையிடும்போது எழும் தூசி நுரையீரலில் ஆறாத தழும்பை உண்டாக்கும். சிலிகோசிஸ் என்னும் அந்த நோய்க்கு மருந்து கிடையாது. 1940-களில் பரிசோதிக்கப்பட்ட தொழிலாளர்களில் பத்துக்கு நான்கு பேருக்கு மேல் அது இருந்தது. துளையிடும்போதே தண்ணீர் பாய்ச்சினால் தூசி அடங்கும். பொன்னைப் பிரிக்கும் நுட்பத்துக்குக் காட்டிய வேகத்தை இந்த எளிய பாதுகாப்பிலும் காட்டியிருந்தால் எத்தனையோ குடும்பங்கள் பிழைத்திருக்கும்.

1956-இல் மைசூர் அரசிடமும், 1962-இல் மத்திய அரசிடமும் சென்ற சுரங்கங்கள், 1972-இல் பாரத் கோல்ட் மைன்ஸ் நிறுவனமாகி, 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டன. ஹட்டி மட்டும் இன்றும் மாநில அரசு நிறுவனமாக இயங்குகிறது. சயனைடுக்கும் எட்டாமல் ஆர்சனிக், கந்தகக் கனிமங்களுக்குள் அடைபட்ட தங்கத்தை விடுவிக்க, இரும்பையும் கந்தகத்தையும் உண்டு வாழும் நுண்ணுயிரிகளைப் பயன்படுத்தும் முறையைப் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் கே.ஏ.நடராஜனும் அவர் குழுவினரும் ஆராய்ந்தார்கள். கனிமத்தை நுண்ணுயிரி அரித்துத் திறந்துவிட்டால், சயனைடு உள்ளே நுழைந்து மீதி வேலையை முடிக்கும்.

தங்கவயலில் எஞ்சியிருப்பவை, சயனைடால் தங்கம் எடுத்தபின் கொட்டிய 3 கோடி டன்னுக்கும் மேற்பட்ட மணல்மேடுகள். டன்னுக்கு ஒரு கிராமுக்கும் குறைவான தங்கமே அவற்றில் இருக்கிறது. ஆயினும் பாறை ஏற்கெனவே வெட்டி, தூக்கி, மாவாக்கப்பட்டுவிட்டதால் கணக்கு வேறு. தேங்காய்ச் சிரட்டைக் கரியில் தங்கத்தை ஒட்டவைத்துப் பிரிக்கும் இன்றைய முறை இவ்வளவு ஏழைத் தாதுவுக்கும் கட்டுப்படியாகக்கூடும். பதின்மூன்று மேடுகளை ஏலம் விடும் மத்திய அரசின் திட்டத்துக்குக் கர்நாடக அமைச்சரவை 2024-இல் ஒப்புதல் தந்தது. காற்றுக்காலத்தில் இந்த மேடுகளின் மெல்லிய தூசி ராபர்ட்சன்பேட்டை, மாரிகுப்பம் பக்கத்து வீடுகளுக்குள் படிகிறது. மறுபடி கிளறுவதானால் நீர்ப்பீச்சால் குழம்பாக்கியே எடுக்க வேண்டும். மிஞ்சும் சயனைடைச் சிதைத்த பிறகே சேற்றை, அடியில் நீர்புகாத் தளம் போட்ட குளத்தில் விட வேண்டும்.