நண்டலாறு தாண்டினால் ஜெர்மனி, டென்மார்க், போலந்து!

காரைக்கால் பக்கத்துத் தருமபுரம் என்றதும் யாழ்மூரிநாதர் கோயில்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அங்கிருந்து காரைக்காலுக்கு வந்து, கோட்டுச்சேரி வழியாக நண்டலாற்றைத் தாண்டி, பொறையாரைக் கடந்தால் தரங்கம்பாடி. ஜெர்மானியர்களும் அவர்களுடைய வடக்கு, கிழக்கு அண்டை நாட்டாரும் எப்படிப் பின்னிப் பிணைந்து வாழ்ந்தார்கள் என்று ஆராய்கிறவர்களுக்கு இந்தச் சின்ன ஊர் ஒரு புதையல். நம் வீட்டுக் கொல்லையில் இப்படியொரு புதையல் கிடக்கிறது என்று நினைத்தாலே எனக்குக் கால் தரையில் பாவவில்லை!

1620ல் தஞ்சை இரகுநாத நாயக்கரின் அனுமதியோடு இங்கே கோட்டை கட்டியவர்கள் டேனிஷ்காரர்கள். 1706 ஜூலை 9ம் தேதி டேனிஷ் அரசர் நான்காம் ஃபிரெடரிக் அனுப்பி வந்திறங்கிய சீகன்பால்க், புளூட்ஷோ என்ற பாதிரியார்கள் இருவரும் ஜெர்மானியர்கள். அரச ஆணை கோபன்ஹேகனிலிருந்து. ஆதரவும் அச்செழுத்தும் ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து. இரண்டு தரப்புக்கும் உரசல் வராமல் இருக்குமா? டேனிஷ் ஆளுநர் ஹாசியுஸ் சீகன்பால்கைப் பிடித்து நான்கு மாதம் கோட்டைச் சிறையில் போட்டுவிட்டார்!

சரி, ஆராய்ச்சி எப்படி நடக்கிறது? வாருங்கள், உள்ளே எட்டிப் பார்ப்போம். இங்கிருந்து கப்பலேறிய கடிதங்களும் ஓலைச்சுவடிகளும் ஹாலேயின் ஃபிராங்கே அறநிலைய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நிர்வாகத் தாள்கள் கோபன்ஹேகனில். கடிதங்களோ பழைய ஜெர்மன் கூட்டெழுத்தில். அதில் 'e' என்ற எழுத்தும் 'n' என்ற எழுத்தும் ஏறக்குறைய ஒன்றுபோல இருக்கும். இரண்டு சாய்ந்த கோடுகள், அவ்வளவுதான். 'u' என்ற எழுத்தைப் பிரித்துக்காட்டத் தலைக்கு மேல் ஒரு சின்ன வளைவு போடுவார்கள். அந்த வளைவைக் கண்டுபிடித்துவிட்டால் ஒரு சொல் பிடிபடும். ஒரு சொல் பிடிபட்டால் ஒரு வரியே திறந்துகொள்ளும். அந்த நேரத்துச் சந்தோஷம் இருக்கிறதே, அடேயப்பா!

அடுத்தது ஊர்ப்பெயர் வேட்டை. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். தஞ்சை அரசர் சரபோஜி குருவாகக் கொண்டாடிய ஸ்வார்ட்ஸ் பாதிரியார் 1726ல் சொன்னன்பூர்கில் பிறந்தவர். இன்றைய ஜெர்மன் வரைபடத்தில் அந்த ஊரைத் தேடினால் கிடைக்காது. ஓடர் ஆற்றின் கிழக்கே, போலந்தில், ஸ்வோன்ஸ்க் என்ற பெயரில் இருக்கிறது! அன்றைக்குப் பிரஷ்ய மண். இரண்டாம் உலகப் போருக்குப் பின் போலந்து மண். இன்னொன்று கேளுங்கள்: தரங்கம்பாடியிலும் சென்னையிலும் பணியாற்றி 1743ல் ஹாலே திரும்பிய ஷூல்ட்செ பாதிரியாருக்கும் அதே ஊர். அவரிடம் ஹாலேயிலேயே தமிழ் படித்துக்கொண்டுதான் ஸ்வார்ட்ஸ் 1750ல் தரங்கம்பாடி வந்தார். எங்கோ ஓடருக்குக் கிழக்கே பிறந்த இருவர் ஹாலேயில் உட்கார்ந்து தமிழ் பேசியிருக்கிறார்கள்!

1798ல் ஸ்வார்ட்ஸ் இறந்ததும், சரபோஜி இலண்டன் சிற்பி ஃபிளாக்ஸ்மனிடம் சலவைக்கல் சிற்பம் செய்யச் சொன்னார். தஞ்சை ஸ்வார்ட்ஸ் தேவாலயத்தில் இன்றும் பார்க்கலாம்: படுக்கையில் குரு, அவர் கையைப் பிடித்தபடி தலைப்பாகையோடு அரசர். பிரஷ்யாவில் பிறந்து, கோபன்ஹேகனில் குருப்பட்டம் பெற்று, தஞ்சையில் கண்மூடிய ஒருவரின் வாழ்க்கை முழுவதும் அந்த ஒரு கல்லில் இருக்கிறது.

தமிழும் ஜெர்மனும் சேர்ந்து தெரிந்தவர்கள் இந்த ஆராய்ச்சிக்கு மிகவும் தேவை. 1710 முதல் ஹாலேயில் அச்சான தரங்கம்பாடி அறிக்கைகள் இணையத்திலேயே கிடைக்கின்றன. காரைக்கால் கல்லூரிப் பிள்ளைகளே, பிரெஞ்சோடு ஜெர்மனும் படியுங்கள். அவற்றில் பாதிரியார்களின் கேள்விகளுக்கு நம் ஊர்க்காரர்கள் சொன்ன பதில்களும் இருக்கின்றன, வந்து படியுங்கள்.