ஏப்ரலில் தப்பிய நிலமும் ஜூலையில் போன பயிரும்

2023-இல் நான்கு மாத இடைவெளிக்குள் கடலூர் மாவட்டத்தின் சேத்தியாத்தோப்பு வட்டாரம் இரண்டு முறை தலைப்புச் செய்தியானது. இரண்டுக்கும் காரணம் பழுப்பு நிலக்கரிதான். ஏப்ரலில் மத்திய அரசே பின்வாங்கியது. ஜூலையில், பக்கத்திலிருக்கும் வளையமாதேவியில், விளைந்துகொண்டிருந்த நெல்லுக்குள் பொக்லைன் இறங்கியது. முதலில் முடிந்தது அடுத்ததில் ஏன் முடியவில்லை?

மார்ச் 29 அன்று நிலக்கரி அமைச்சகம் வெளியிட்ட ஏல அறிவிப்பில் வடசேரி, மைக்கேல்பட்டி ஆகியவற்றோடு ‘சேத்தியாத்தோப்பு கிழக்கு’ என்ற பகுதியும் இருந்தது. ஏப்ரல் 4-இல் முதல்வர் ஸ்டாலின் பிரதமருக்குக் கடிதம் எழுதினார். மறுநாள் சட்டமன்றத்தில் கட்சி வேறுபாடின்றி எதிர்ப்பு எழுந்தது. ஏப்ரல் 8-இல் மூன்று பகுதிகளும் ஏலப் பட்டியலிலிருந்து நீக்கப்படுவதாக மத்திய அமைச்சர் பிரகலாத் ஜோஷி அறிவித்தார். 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் மாநில அரசுக்குக் கைகொடுத்தது. ஒரு பட்டாகூட அதுவரை கைமாறாதது அதைவிடப் பெரிய பலம்.

வளையமாதேவியின் கதை வேறு. சுரங்க விரிவாக்கத்துக்கென, நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனமான என்.எல்.சி. அந்த நிலங்களை 2006 முதல் 2013 வரை கையகப்படுத்தி, இழப்பீடும் கொடுத்திருந்தது. ஆனால் ஆண்டுக்கணக்கில் நிலத்தைத் தொடவில்லை. காகிதத்தில் பெயர் மாறியது. வயலில் பழைய குடும்பங்களே உழுதன, நட்டன, அறுத்தன. பின்னால் நிலம் கொடுத்தவர்களுக்குக் கூடுதல் தொகை கிடைத்ததைப் பார்த்து முன்னால் கொடுத்தவர்கள் குமுறினார்கள். வீட்டுக்கு ஒருவருக்கு நிரந்தர வேலை என்ற கோரிக்கையும் தீராமலே கிடந்தது.

ஜூலை 26 அன்று, பரவனாற்றைத் திருப்பிவிடும் கால்வாய்க்காக, காவல்துறைப் பாதுகாப்புடன் பயிரின் மீதே வெட்டத் தொடங்கினார்கள். கதிர் வரும் பருவம் அது. மழைக்காலத்துக்கு முன் கால்வாய் முடிந்தாக வேண்டும் என்றது நிர்வாகம். 28-ஆம் தேதி நெய்வேலியில் பா.ம.க. நடத்திய முற்றுகை கல்வீச்சிலும் கண்ணீர்ப்புகையிலும் முடிந்தது. கட்சியின் அன்றைய தலைவர் அன்புமணி ராமதாஸ் கைதானார். பயிர் மீது இயந்திரம் ஓடும் காட்சியைப் பார்த்துக் கண்ணீர் வந்ததாக உயர் நீதிமன்ற நீதிபதி எம். தண்டபாணி நீதிமன்றத்திலேயே சொன்னார்.

சட்டப்படி நிலம் என்.எல்.சி.யுடையது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் விதை தெளித்தபோது தடுக்காமல் இருந்துவிட்டு, அறுப்பு நெருங்கும்போது உரிமை கொண்டாடுவது எந்த வகையில் நியாயம்? ஒரு போகம் பொறுத்திருந்தால் இந்த ரணமே இருந்திருக்காது.

நிலம் வைத்திருப்போர் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். 2013-ஆம் ஆண்டின் மத்திய நிலம் கையகப்படுத்தல் சட்டம் சமூகத் தாக்க மதிப்பீட்டைக் கட்டாயமாக்குகிறது. முதற்கட்ட அறிவிக்கை வந்த 60 நாளுக்குள் ஆட்சேபம் சொல்லலாம் என்கிறது. தொழில் நோக்கங்களுக்காக நிலம் எடுக்கும் தமிழ்நாட்டின் 1997-ஆம் ஆண்டுச் சட்டத்தில் அந்த மதிப்பீடு கிடையாது. சட்டமன்றம் 2019-இல் அந்த மாநிலச் சட்டத்துக்கு மறு உயிர் கொடுத்தது; 2021-இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. எனவே அறிவிக்கை கைக்கு வந்ததும் அது எந்தச் சட்டத்தின் கீழ் வந்தது, ஆட்சேபத்துக்கு எத்தனை நாள் அவகாசம் என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

வளையமாதேவியில் அழிந்த பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் வழங்க நீதிமன்றம் உத்தரவிட்டது. மிஞ்சிய பயிரை அறுத்துக்கொள்ள செப்டம்பர் 15 வரை அவகாசம் கிடைத்தது. அந்த அவகாசத்தை ஜூலையிலேயே கொடுத்திருக்கலாம்.