காற்று புகாத ஏழு மீட்டர்

திருநின்றவூர், காக்களூர், கும்மிடிப்பூண்டி என்று திருவள்ளூர் மாவட்டத்துத் தொழிற்பகுதிகளில் ஆர்கான் வெல்டிங் பட்டறைக்குப் பஞ்சமில்லை. எவர்சில்வர் குழாயோ அலுமினியப் பெட்டியோ கொண்டுபோனால் மாலைக்குள் ஒட்டித் தந்துவிடுவார்கள். டைட்டானியம் என்று சொன்னால்தான் பலர் தயங்குவார்கள். இத்தனைக்கும் மெஷின் அதேதான், டார்ச் அதேதான், ஓடும் வாயுவும் அதே ஆர்கான்தான்.

தயக்கத்துக்குக் காரணம் காற்று. டைட்டானியம் உருகுவது 1,668 டிகிரி செல்சியஸில். ஆனால் 400, 500 டிகிரியைத் தொட்டதுமே அது காற்றிலுள்ள ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உள்ளிழுக்கத் தொடங்கிவிடும். ஈரமும் எண்ணெய்ப் பிசுக்கும் இருந்தால் ஹைட்ரஜனும் சேர்ந்துகொள்ளும். வடிவத்தைப் பார்த்தால் ஒட்டு ஒழுங்காகத்தான் இருக்கும். வளைத்தால் கண்ணாடிபோல முறியும். இரும்பில் உருகிய குழம்பை மட்டும் மூடிக் காத்தால் போதும். இங்கே உறைந்து கெட்டியான பிறகும், சூடு இறங்கும்வரை, முன்பக்கம் பின்பக்கம் இரண்டையும் ஆர்கானில் நனைத்தே வைத்திருக்க வேண்டும்.

அதனால் வேலையில் பெரும்பகுதி நெருப்பு வைப்பதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. தகட்டின் விளிம்பை அசிட்டோனால் துடைக்கிறார்கள். அப்புறம் வெறுங்கை படக்கூடாது, விரல் ரேகையின் எண்ணெயே போதும் கெடுப்பதற்கு. இரும்பைத் தேய்த்த பிரஷ் பக்கத்தில் வரக்கூடாது. குழாயாக இருந்தால் இரு முனையையும் அடைத்து உள்ளே ஆர்கானை நிரப்பிக் காற்றை வெளியேற்ற வேண்டும். டார்ச்சுக்குப் பின்னால் ஒரு செருப்பளவு உலோகக் கூடு இழுபட்டுக்கொண்டே வரும். போட்ட ஒட்டின் மேல் வாயுவைப் பொழிவதற்காக. ஆர்க்கை அணைத்த பிறகும் வெல்டர் கையை எடுப்பதில்லை. சூடு தணியும்வரை டார்ச்சை அங்கேயே பிடித்தபடி நிற்கிறார். ஃபில்லர் ராடின் நுனி வெளிக்காற்றில் பட்டுக் கறுத்திருந்தால் அதை நறுக்கிப் போட்டுவிட்டுத்தான் அடுத்த ஒட்டு. காற்றோட்டம் ஆர்கானைக் கலைத்துவிடும் என்பதால் மின்விசிறியும் போட முடியாது. கத்திரி வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, முழுக்கைச் சட்டையும் கையுறையுமாக நின்று பார்த்தால்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

செய்த வேலைக்கு உடனே மதிப்பெண் போட்டுவிடுவது நிறம். வெள்ளியாக மின்னினால் முதல் தரம். இளம் வைக்கோல் நிறத்தையும் ஏற்பார்கள். நீலமும் ஊதாவும் தென்பட்டால் பெரும்பாலும் நிராகரிப்பு. சாம்பலோ வெள்ளைப் பொடியோ படிந்தால் பேச்சே இல்லை, வெட்டி எடுக்க வேண்டியதுதான். இதிலும் ஒரு தில்லுமுல்லு உண்டு. கம்பி பிரஷால் அழுத்தித் தேய்த்தால் நீலம் போய்விடும், கெட்டுப்போன உலோகம் அப்படியே இருக்கும். விவரமான இன்ஸ்பெக்டர், பிரஷ் படுவதற்கு முன்பே ஒட்டைக் காட்டச் சொல்வது இதற்காகத்தான்.

இவ்வளவு பாடுபடுத்தும் உலோகத்தை ஏன் விடாமல் பிடித்திருக்கிறார்கள்? எடை இரும்பில் பாதியைவிடச் சற்றுதான் கூடுதல். கடல்நீர் அதை அரிப்பதில்லை. கல்பாக்கம் அதிவேக ஈனுலையில், கடல்நீர் ஓடும் கண்டென்சர் குழாய்கள் டைட்டானியம்தான். (யாருக்கும் நஞ்சாகாத உலோகம் என்பதால், செம்புக் கலவைக் குழாய்களில் ஒட்டத் தயங்கும் கடலுயிர்கள் இதில் தாராளமாகக் குடியேறிவிடுகின்றன என்பது வேறு தலைவலி.)

இந்த உலோகத்தை வைத்து நம் நாட்டில் நடந்த பெரிய பரீட்சை, ஆழ்கடலுக்கு மனிதரை அனுப்பும் சமுத்ரயான் திட்டத்துக்கானது. பள்ளிக்கரணையிலுள்ள தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கும் மத்ஸ்யா 6000, மூன்று பேரை 6,000 மீட்டர் ஆழத்துக்கு இறக்க வேண்டும். அங்கே ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் ஏறத்தாழ 600 கிலோ அழுத்தம். மூவரும் உட்காரும் உருண்டைக்கு உள்விட்டம் 2.1 மீட்டர், சுவரின் தடிமன் 80 மில்லிமீட்டர், உலோகம் டைட்டானியக் கலவை. இரண்டு அரைக்கோளங்களைச் சேர்க்கும் ஒட்டின் நீளம் மட்டும் 7.1 மீட்டர்.

இத்தனை தடிமனை ஆர்கானில் ஒட்டப் புகுந்தால் அடுக்கு மேல் அடுக்காகப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும்; ஒவ்வோர் அடுக்கிலும் காற்று புகும் அபாயம், வெப்பத்தால் வடிவம் கோணும் அபாயம். பெங்களூரில் உள்ள இஸ்ரோவின் திரவ உந்துவிசை மையம் வேறு வழியில் போனது. காற்றை விரட்டுவதற்குப் பதில், காற்றே இல்லாத வெற்றிட அறைக்குள் எலெக்ட்ரான் கற்றையால் ஒட்டினார்கள். 15 கிலோவாட் இயந்திரத்தை 40 கிலோவாட்டுக்கு உயர்த்தி, சுமார் 700 முறை ஒத்திகை பார்த்தார்கள். கடைசியில் அந்த 7.1 மீட்டரும் 32 நிமிடங்களில் முடிந்தது. அந்த 32 நிமிடங்களைவிட 700 ஒத்திகைதான் பெரிய செய்தி. மத்ஸ்யாவின் துறைமுகச் சோதனைகள் 2025 ஜனவரி 27 முதல் பிப்ரவரி 12 வரை நடந்த இடமும் தொலைவில் இல்லை, இதே திருவள்ளூர் மாவட்டத்துக் காட்டுப்பள்ளி.

வெற்றிட அறை திருநின்றவூர் ஷெட்டுக்கு வரப்போவதில்லை. ரசாயன ஆலைத் தொட்டியையும் வெப்பமாற்றிக் குழாயையும் ஆர்கான்தான் ஒட்ட வேண்டும். தேவைப்படுவது தூசு வராத ஒரு தனி அறையும், இந்த உலோகத்துக்கென்றே பழகிய கையும். எத்தனை வருடம் இரும்பு ஒட்டிய வெல்டராக இருந்தாலும், அமெரிக்க எந்திரப் பொறியாளர் சங்கத்தின் விதிப்படி, இரும்புக்கு வாங்கிய சான்றிதழ் டைட்டானியத்துக்குச் செல்லாது. அவர் புதிதாக ஒரு மாதிரித் துண்டை ஒட்டிக் காட்ட வேண்டும். சாம்பல் படிந்த துண்டு வளைத்துப் பார்க்கும் மெஷின்வரைகூடப் போகாது.