ஒரே நாளில் மும்பையைப் பார்க்க மூன்று மேடுகள்

ஊரில் இருந்து தாய், தகப்பன் வந்தால் மும்பைத் தமிழர் பலருக்கும் கிடைப்பது ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமை. டாக்சி பிடித்து கேட்வே, ஜூகு என்று சுற்றினால் பணம் கரைகிறது. ஆனால், "மகன் பிழைக்கும் ஊர் எப்படிப்பட்டது?" என்பது மட்டும் பெற்றோருக்குப் புரிவது இல்லை. ஊரை முழுதாகப் பார்க்க மேட்டில் ஏற வேண்டும். மின்சார ரெயிலில் போய் வரக்கூடிய மூன்று மேடுகள் மும்பையில் உண்டு.

காலை: சயான் கோட்டை

சயான் ஸ்டேஷனின் கிழக்குப் பக்கம், நடந்து போகும் தூரத்தில் ஒரு குன்று. உச்சியில் பாழடைந்த கோட்டை. 1669-க்கும் 1677-க்கும் இடையே ஆங்கிலேயர் கட்டியது. அப்போது அவர்கள் எல்லை இதுவரைதான். வடக்கே இருந்த சால்செட் தீவு போர்த்துகீசியருக்குச் சொந்தம்.

காலை வெயில் முதுகில் பட, மேற்கே பார்க்க வேண்டும். ரெயில் பாதைக்கு அப்பால் தாராவி. தமிழர்கள் பல தலைமுறையாக உழைத்த இடம். "நம் வீடு அந்தப் பக்கம்" என்று கை காட்டலாம். மழைக்காலத்தில் படி வழுக்கும். வயதானவர்களைப் பிடித்து அழைத்துச் செல்லவேண்டும்.

மதியம்: பாந்த்ரா கோட்டை

வீட்டில் சாப்பிட்டுவிட்டு 3 மணிக்கு இங்கே வரலாம். ஸ்டேஷனில் இருந்து பஸ் உண்டு. இது 1640-ல் போர்த்துகீசியர் கட்டியது. எதிரே 2009-ல் திறந்த கடல் பாலம், நீளம் 5.6 கி.மீட்டர். அக்கரையில் வொர்லி. தனித்தனித் தீவுகளை இணைத்து உருவான ஊர் மும்பை என்பது இங்கே விளங்கும். இரு கோட்டைக்கும் கட்டணம் இல்லை.

அந்தி: மலபார் ஹில்

சர்னி ரோட்டில் இறங்கி, கமலா நேரு பூங்காவுக்குப் போகவேண்டும். சூரியன் மறைவதற்கு அரை மணி முன்பே போய்விடுவது நல்லது. கீழே சவ்பாத்தி, அதை ஒட்டி மரைன் டிரைவ் வளைவு. விளக்குகள் எரிந்ததும் அது 'ராணியின் கழுத்து மாலை'. குழந்தைகளுக்கு பூட்ஸ் வடிவ வீடு இருக்கிறது.

ஒரு எச்சரிக்கை: ஞாயிறு பகலில் 'மெகா பிளாக்' இருக்கும். சனிக்கிழமையே அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளவேண்டும். மழை விட்ட அக்டோபர் மாதம் காட்சி தெளிவாக இருக்கும். டிசம்பர், ஜனவரியில் காலைப் பனிமூட்டம் விலகிய பிறகே சயான் குன்றில் ஏறவேண்டும்.