ஓர் ஐரிஷ் ஆண்குழந்தைக்குப் பெயர் தேடும்போது

கெவின் என்ற பெயர் நமக்குப் புதிதல்ல. சென்னையிலும் தூத்துக்குடியிலும் யாழ்ப்பாணத்திலும் கிறித்தவக் குடும்பங்களில் கெவின், பிரயன், பேட்ரிக் எல்லாம் வீட்டுக்குள் புழங்கும் பெயர்கள். ஆங்கிலப் பெயர்கள் என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் மூன்றும் உலகுக்குப் பரவியது அயர்லாந்து வழியாகத்தான். விக்லோ மலைகளின் நடுவே, கிளெண்டலாக் என்ற ஏரிப் பள்ளத்தாக்கில் 6ஆம் நூற்றாண்டில் மடம் அமைத்த துறவிதான் முதல் கெவின். ஐரிஷ் மொழியில் அவர் பெயர் 'கீவீன்'. எழுதுவது சி, ஏ, ஓ, ஐ, எம், எச், ஐ, என் என்று எட்டு எழுத்து. காதில் விழுவது இரண்டே அசை.

டப்ளினிலோ கார்க்கிலோ இன்று ஆண்குழந்தைக்குப் பெயர் தேடுகிறவர்கள் இரண்டு முடிவுகளை எடுக்க வேண்டியிருக்கிறது. எந்தப் பெயர் என்பது ஒன்று. அதை ஐரிஷ் எழுத்துமுறையில் எழுதுவதா, ஆங்கிலக்காரர் வாய்க்கு ஏற்றபடி எழுதுவதா என்பது இன்னொன்று. இரண்டாவதுதான் கடினம். அது கடினமான கதையைத் தெரிந்துகொண்டால் அந்தப் பெயர்கள்மேல் தானாகவே மதிப்பு வரும்.

முதலில் எழுத்து. ஐரிஷ் மொழியின் மரபான அரிச்சுவடியில் 18 எழுத்துகள்தாம். ஜே, கே, வி, டபிள்யூ போன்றவை அதில் இல்லை. 'க' ஒலிக்கு எப்போதும் சி எழுத்துதான். 2024இல் 'ஓப்பன்ஹைமர்' படத்துக்காகச் சிறந்த நடிகர் விருது வாங்கியவர் கிலியன் மர்ஃபி. அவரை 'சிலியன்' என்று படிப்பது தவறு. 'வ' ஒலி வேண்டுமானால் எம் அல்லது பி எழுத்தை அடுத்து ஓர் எச் போடுவார்கள். முன்னிருக்கும் மெய் மென்மையாகிவிட்டது என்பதற்கு அந்த எச் அடையாளம். பழைய ஐரிஷ் எழுத்துருவில் அதற்குப் பதிலாக மெய்யின் தலையில் ஒரு புள்ளி வைத்தார்கள். நம் புள்ளி மெய்யிலிருந்து உயிரை நீக்குகிறது. அவர்கள் புள்ளி மெய்யை மென்மையாக்கியது. 1960களில் பள்ளிப் புத்தகங்கள் ரோமன் எழுத்துருவுக்கு மாறியபோது, புள்ளி இருந்த இடத்திலெல்லாம் எச் வந்து உட்கார்ந்தது. ஐரிஷ் பெயர்கள் பார்வைக்கு நெடியவையாகத் தெரிவதற்கு இது பெரிய காரணம்.

இன்னொரு காரணம் உயிரெழுத்துகள். ஒரு பெயரில் அடுத்தடுத்து வரும் உயிர்களில் பல, தாமே ஒலிப்பதற்காக வந்தவை அல்ல. பக்கத்து மெய்யை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று காட்ட வந்தவை. எஸ் எழுத்தை அடுத்து ஈ அல்லது ஐ வந்தால் அது 'ஷ' ஆகிவிடும். ஷோன் என்ற பெயர் எஸ், ஈ, ஏ, என் என்று எழுதப்படுவது இதனால்தான். அதில் ஏ எழுத்தின் மேல் ஒரு சாய்கோடு உண்டு. 'ஃபாடா' என்பார்கள், அது நெடிலைக் காட்டும் குறி. கோட்டை விட்டுவிட்டால் அது பெயராக இராது. 'வயதான' என்று பொருள்படும் வேறு சொல்லாகிவிடும். பிறந்த குழந்தையின் பதிவில் அந்தச் சிறு கோடு விழவேண்டும் என்று பெற்றோர் பிடிவாதம் பிடிப்பதில் முழு நியாயம் இருக்கிறது.

அயர்லாந்தில் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துச் சான்றுகளே ஆட்பெயர்கள்தாம். 4ஆம் நூற்றாண்டு தொடங்கி, கல்லின் விளிம்பில் கோடுகளைக் கீறி எழுதும் ஓகம் என்ற முறை அங்கே இருந்தது. அப்படிப்பட்ட கற்கள் சுமார் 400 இருக்கின்றன. கெர்ரி, கார்க் மாவட்டங்களில் அதிகம். பெரும்பாலானவற்றில் இன்னாருடைய மகன் இன்னார் என்பதற்கு மேல் வேறு செய்தியே இல்லை. அந்தப் பழம்பெயர்களில் அடிக்கடி வரும் உறுப்பு வேட்டைநாய். நாய் அங்கே வீரனுக்கு உரிய உவமை. குலன் என்ற கொல்லனின் காவல்நாயைக் கொன்றுவிட்ட சிறுவன், இனி அந்த நாயின் இடத்தில் நானே காவல் இருக்கிறேன் என்று வாக்குக் கொடுத்து 'கூ குலன்' என்ற பெயர் பெற்றான். அல்ஸ்டர் காவியத்தின் நாயகன் அவன்தான்.

விலங்குகளையும் நிறங்களையும் எடுத்து, கடைசியில் 'ஆன்', 'ஈன்' என்ற செல்ல விகுதியைச் சேர்ப்பது ஐரிஷ் பெயராக்கத்தின் அழகு. ரோனான் என்றால் சின்னக் கடல்நாய். கியரான் என்றால் கருத்த பிள்ளை. ஷானன் ஆற்றங்கரையில் கிளான்மக்னாய்ஸ் மடத்தை நிறுவிய துறவியின் பெயரும் அதுவே. ரீயன் என்றால் குட்டி ராஜா. ஓஷீன் என்றால் மான்குட்டி, அதற்கு ஒரு கதையே உண்டு.

ஃபின் மக்கூல் என்ற வேட்டைத் தலைவனின் மனைவி சைவ். மந்திரவாதி ஒருவன் அவளை மானாக மாற்றிக் கொண்டுபோய்விட்டான். ஆண்டுகள் கழித்து ஸ்லைகோ பக்கத்து பென்புல்பென் மலையில் ஃபின் ஒரு சிறுவனைக் கண்டெடுக்கிறான். மானிடம் வளர்ந்த அந்தப் பிள்ளைதான் ஓஷீன். பின்னாளில் பெரும் கவிஞனானான். அவன் மகன் ஆஸ்கர். மான்களின் நண்பன் என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். 1760களில் ஸ்காட்லாந்துக்காரர் ஜேம்ஸ் மெக்ஃபர்சன் இந்தக் கதைகளைத் தழுவி எழுதிய கவிதைகள் ஐரோப்பா முழுவதும் பரவின. நெப்போலியனுக்கு அவை மிகவும் பிடிக்கும். தன் தளபதி பெர்னடாட்டின் மகனுக்கு அவர் ஞானத்தந்தையானபோது, 1799இல் பிறந்த அந்தக் குழந்தைக்கு ஆஸ்கர் என்று பெயர் அமைந்தது. பிறகு பெர்னடாட் சுவீடனின் அரசரானார். மகன் முதலாம் ஆஸ்கர் ஆனார். அயர்லாந்தின் வேட்டைக் கதையிலிருந்து கிளம்பிய பெயர் வட ஐரோப்பிய அரியணை ஏறிய வழி இது.

ஷோன், லியம் இரண்டும் வேறு வகை. 1169இல் வந்திறங்கிய நார்மன்கள் பேசிய பிரெஞ்சிலிருந்து வந்தவை. முன்னது ஜான், பின்னது வில்லியம் என்பதன் சுருக்கம். பேட்ரிக் கதை இன்னும் விசித்திரமானது. நாட்டின் காவல் புனிதர் பெயரை நேராகக் குழந்தைக்கு வைப்பது மரியாதைக் குறைவு என்று பல நூற்றாண்டுகள் கருதினார்கள்; 'பேட்ரிக்கின் அடியான்' என்ற பொருளில்தான் வைத்தார்கள். அவர் பெயரை அப்படியே வைப்பது 17ஆம் நூற்றாண்டு வாக்கில்தான் பெருகியது.

இனி அந்த வலி மிகுந்த பகுதி. 1366இல் கில்கென்னியில் இயற்றிய சட்டங்கள், அயர்லாந்தில் குடியேறிய ஆங்கிலேயர் ஐரிஷ் முறையில் பெயர் வைக்கக் கூடாது என்று தடுத்தன. காலப்போக்கில் ஆட்சியும் நிலமும் நீதிமன்றமும் ஆங்கிலத்துக்குப் போக, 1831இல் ஆங்கிலவழித் தேசியப் பள்ளிகளும் வந்தன. ஐரிஷ் பெயர்களுக்கு முகமூடி மாட்டப்பட்டது. டர்மிட் என்பவர் பதிவேட்டில் ஜெரமையா ஆனார். கஹல் சார்ல்ஸ் ஆனார். டைக் என்பவர் டிமத்தி ஆனார். பொருளிலோ பிறப்பிலோ எந்த உறவும் இல்லாத பெயர்கள். காதுக்கு ஏதோ கொஞ்சம் ஒத்துவந்தால் போதும் என்று மாற்றினார்கள். வீட்டில் தாய் அழைத்தது ஒன்று, பள்ளியில் வாத்தியார் கூப்பிட்டது வேறொன்று. 1893இல் டக்ளஸ் ஹைட் முதலானோர் தொடங்கிய கேலிக் லீக் ஐரிஷ் மொழியை மீட்கக் கிளம்பியபோது, தம் பெயரை ஐரிஷில் எழுதுவதே பலருக்கு முதல் அரசியல் செயலாக இருந்தது.

அப்படியானால் எதைத் தேர்வது? எந்தப் பெயரையும் வாசலில் நின்று உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள் என்பேன். ஐரிஷிலும் விளி வேற்றுமை உண்டு. அழைக்கும்போது பெயரின் முதல் ஒலியே மாறும். ஷேமஸ் என்பவரைக் கூப்பிட்டால் 'அ ஹேமிஷ்'. ஹேமிஷ் என்ற பிரபலமான ஸ்காட்டிஷ் பெயர், விளிவடிவத்தையே பெயராக எண்ணி எடுத்துக்கொண்டதால் பிறந்தது. அடுத்து, குடும்பத்தைப் பாருங்கள். மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர், அடுத்தவனுக்கு அம்மாவழித் தாத்தா பெயர் என்பது அங்கே பழைய வழக்கம். மேற்குக் கரையின் ஐரிஷ் பேசும் ஊர்களில் ஒரே பெயர் பலருக்கு இருப்பதால், தந்தை பெயரையும் தாத்தா பெயரையும் பின்னால் கோத்துச் சொல்லித்தான் ஆளை அடையாளம் காட்டுவார்கள்.

லியம் இனிமையான பெயர்தான். ஆனால் 2017 முதல் பல ஆண்டுகள் அமெரிக்காவில் ஆண்குழந்தைகளுக்கு அதிகம் வைக்கப்பட்ட பெயர் அது. அயர்லாந்தின் மணம் அதில் குறைந்துவிட்டது. ஓஷீனுக்குக் கதை பலம். கியரான் எந்த நாட்டிலும் தடங்கலின்றி வாயில் வரும். என்னைக் கேட்டால் டைக் என்பதற்கே என் வாக்கு. கவிஞன் என்று பொருள், ஓரசை, ஐந்தெழுத்து. டிமத்தியின் பின்னால் மறைக்கப்பட்ட பெயர் அது. வட அயர்லாந்தில் கத்தோலிக்கரை இழிவுபடுத்தும் வசைச்சொல்லாகவும் அது திரிக்கப்பட்டது. இன்று அயர்லாந்தின் பெற்றோர் அதைத் தயக்கமின்றி, பழைய எழுத்திலேயே தம் பிள்ளைகளுக்கு வைக்கிறார்கள். டி, ஏ, டி, எச், ஜி என்று முழுமையாக எழுதவேண்டும், சுருக்கக் கூடாது.

இப்படி ஒரு பெயரை நீங்கள் விமான நிலையத்திலோ அலுவலகத்திலோ எழுத்தில் கண்டால், ஆங்கிலம்போல் படித்துவிட வேண்டாம். எப்படிச் சொல்லவேண்டும் என்று அந்தப் பெயருக்கு உரியவரிடமே கேளுங்கள். மாகாணத்துக்கு மாகாணம் உச்சரிப்பு மாறும். அவர் வீட்டில் சொல்வதே அவருக்குச் சரி.