அம்மாவின் குரல் எங்கே போனது?

"அக்கா, இந்தப் படத்தில சத்தம் பழுதாப் போச்சு. இனி ஒண்டும் செய்யேலாது. அழிச்சுவிடுங்கோ."

வவுனியா நகரில் ஒரு கடையில் இப்படிச் சொன்னார்கள். என் கையில் இருந்தது ஊமையாகிப் போன ஒரு டி.வி.டி.

2009இல் மெனிக்பாம் முகாமுக்கு வந்து, பின்னர் வவுனியாவிலேயே தங்கிவிட்ட குடும்பம் எங்களுடையது. 2011இல் ஒரு பழைய கைத்தொலைபேசியில் அம்மாவை நான்கு நிமிடம் படம் எடுத்து வைத்தேன். புட்டுக்கு மா குழைத்தபடி, காணாமற்போன தம்பியைச் செல்லப் பெயர் சொல்லி ஏசிக்கொண்டிருப்பார். இன்று அம்மா இல்லை. முல்லைத்தீவில் இருக்கும் பெரியம்மாவுக்குக் கண் மங்கிவிட்டது. அவரிடம் உள்ளது டி.வி.டி. பிளேயர் மட்டுந்தான். "படம் தெரியாட்டிலும் பறவாயில்லை, தங்கச்சியின்ர குரலைக் கேட்டாப் போதும்" என்று கேட்டிருந்தார். சத்தம் இல்லாத வட்டை அவரிடம் எப்படிக் கொண்டுபோவது?

நான் முதலில் வயரைத்தான் சந்தேகித்தேன். மஞ்சள் முனை படத்துக்கு; சிவப்பும் வெள்ளையும் சத்தத்துக்கு. ஆனால் வேறு வட்டுகள் நன்றாகவே கேட்டன.

கணனி படித்த அயல்வீட்டுப் பிள்ளையிடம் போனேன். அவள் வட்டைத் தொடவே இல்லை. மெமரி கார்ட்டைக் கேட்டு வாங்கி, மூலப்படத்தை வி.எல்.சி. என்ற இலவச மென்பொருளில் போட்டாள். அம்மாவின் குரல் கணீரென்று வந்தது!

பழுது மாற்றிய விதத்தில்தான். அந்தக் காலத்துக் கைத்தொலைபேசிகள் பல, இடம் மிச்சம் பிடிக்கக் குரலை ஏ.எம்.ஆர். என்ற முறையில் சுருக்கி வைத்தன. அதில் ஒலி செக்கனுக்கு 8,000 தடவை அளக்கப்படும். டி.வி.டி.க்கோ 48,000 வேண்டும்; அதுவும் ஏ.சி.3, எம்.பி.2, பி.சி.எம். போன்ற சில வகைகளில் இருக்க வேண்டும். மாற்றும் மென்பொருளுக்கு ஏ.எம்.ஆர். விளங்காவிட்டால் படத்தை மட்டும் எழுதி முடித்துவிடலாம். நமக்கு அது தெரிவதில்லை.

பிள்ளை எஃப்.எஃப்.எம்பெக் என்ற இலவச மென்பொருளால் ஒலியை ஏ.சி.3 ஆகவும் 48,000 ஆகவும், படத்தை நம் நாட்டுத் தொலைக்காட்சிக்குரிய பால் முறைக்கும் மாற்றினாள். மாற்றிய கோப்பைக் கணனியில் முழுவதும் கேட்டுப் பார்த்த பிறகே வட்டில் எழுதினாள். முதலில் திரும்பவும் அழித்து எழுதக்கூடிய ஆர்.டபிள்யூ. வட்டு, அது சரிவந்ததும் நல்ல வட்டு. குரல் முன்னையைவிடத் தெளிவாகவில்லை. அதற்கு வழியுமில்லை.

சகோதரிகளே, உங்களிடமும் இப்படி ஒரு பதிவு இருக்கலாம். யார் என்ன சொன்னாலும் மூலத்தை அழிக்காதீர்கள். இரண்டு இடங்களில் பிரதி வைத்துவிட்டுக் கடைக்குக் கொடுங்கள். நான் பிரதி எடுக்காமலே கொடுத்திருந்தேன். இப்போது நினைத்தாலும் நெஞ்சு பதறுகிறது.

பெரியம்மா கதிரையைத் தொலைக்காட்சிக்கு அருகே இழுத்துப் போட்டுக் காதைக் கொடுத்தார். நான்கு நிமிடமும் பேசவில்லை. பிறகு, "மாவுக்குத் தண்ணி கூடிப்போச்செண்டெல்லோ சொல்லுறாள்... திருப்பிப் போடு பிள்ளை" என்றார்.